நிலவறையும் பழங்கோட்டையும்: கொழும்பிலிருந்து போர்த்துக்கல் செல்லும் தம்பதியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் கணவரும் போர்த்துக்கல் போய்வந்த பிறகு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் உறவினரும் நண்பர்களும் விடாமல் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆனவர்கள். பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டு ஒரு தடவையாவது இருவராக வெளியே போய்வர வேண்டும் என்று நினைப்பவர்கள். வைன் நிலவறை என்றதும் சிலருக்கு ஆசை, சிலருக்குத் தயக்கம். என்னைப் பொறுத்தவரை, அந்த நாட்டில் நிலவறையையும் வரலாற்றுச் சின்னத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆறு, துறைமுகம், கப்பல், வியாபாரம் எல்லாம் ஒரே கதை. அந்தக் கதையில் கொழும்புக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பிரான்ஸ், இத்தாலி எல்லாம் இருக்க ஏன் போர்த்துக்கல்?

மூன்று காரணங்கள் சொல்வேன். நாடு சிறியது. லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. அடுத்து, போர்ட்டோவில் நிலவறைகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரை முழுவதும் அவைதான். வேறு பல வைன் பிரதேசங்களில் தோட்டம் தோட்டமாகக் காரில் போக வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். போர்த்துக்கேயர் 1505இல் நம் தீவுக்கு வந்தார்கள். கொழும்பில் கோட்டை கட்டி, 1656இல் ஒல்லாந்தரிடம் அதை இழக்கும்வரை இங்கே இருந்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பெயர்கள் லிஸ்பனின் கல்லறைகளிலும் சுவர்களிலும் கண்முன் நிற்கும்போது ஏற்படும் உணர்வு, பிரான்சின் எந்த மாளிகையிலும் நமக்குக் கிடைக்காது.

எங்களில் ஒருவர் மதுவைத் தொடுவதே இல்லை. அவருக்கு நிலவறையில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். கணவர் குடிப்பதில்லை, நான் சுவை பார்ப்பேன். நிலவறைச் சுற்றின் பெரும்பகுதி நடந்து பார்ப்பதும் கேட்பதும்தான். கடைசியில்தான் மேசையில் உட்காரவைத்துக் கிண்ணங்களை வைப்பார்கள். பல இடங்களில், முன்கூட்டியே சொன்னால் குடிக்காதவருக்குத் திராட்சைச் சாறு தருவார்கள். யாரும் வற்புறுத்துவதில்லை, ஏன் என்று கேட்பதுமில்லை.

சுவைப்பவரும் எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. கொழும்பில் தேயிலைத் தரகர்களின் அறைகளில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, நாவில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்களே, அதேபோலத்தான் இதுவும். துப்புவதற்கான பாத்திரத்தைக் கேட்டால் தயங்காமல் தருவார்கள்.

பெண்கள் சுவைப்பதை அங்கே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா?

மாட்டார்கள். இந்தக் கேள்வி நம் ஊரில் ஏன் எழுகிறது என்பது எனக்குப் புரிகிறது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்பதற்குத் தடை இருக்கிறது. 2018 ஜனவரியில் அதை நீக்குவதாக நிதியமைச்சு அறிவித்துச் சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி அந்த முடிவைத் திரும்பப் பெறச் செய்தார். போர்த்துக்கல்லில் 18 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம், அருந்தலாம்.

அது மட்டுமா? போர்ட்டோவின் புகழ்பெற்ற இனிப்பு வைனான போர்ட் வைனின் வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று பெண்ணுடையது. டோனா அன்டோனியா ஃபெரேரா, 1811இல் பிறந்து 1896இல் மறைந்தவர். இளம் வயதில் கணவரை இழந்தபின் குடும்ப வியாபாரத்தைக் கையில் எடுத்து, கொடிகளைப் பூச்சி அரித்த கொடிய காலத்தையும் தாண்டித் தோட்டங்களைப் பெருக்கினார். 1861இல், போர்ட்டோவின் வழியாக ஓடும் டோரு ஆற்றில் அவர் சென்ற படகு கவிழ்ந்தது. உடன் சென்ற ஆங்கிலேய வணிகர் ஃபாரெஸ்டர், இடுப்புப் பட்டியில் இருந்த பொற்காசுகளின் பாரத்தால் மூழ்கினார் என்றும், டோனா அன்டோனியாவை அவருடைய அகன்ற பாவாடை மிதக்கவைத்துக் காப்பாற்றியது என்றும் அங்கே இன்றும் சொல்கிறார்கள். ஃபாரெஸ்டர் அன்று இறந்ததும் டோனா அன்டோனியா பிழைத்ததும் வரலாறு. பட்டியும் பாவாடையும் மக்கள் சேர்த்துக்கொண்டவையாக இருக்கலாம், ஆனாலும் கேட்கும்போது மனம் நிறைகிறது.

நிலவறைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

முதலில் ஒரு விஷயம். நிலவறை என்று நாம் சொன்னாலும், போர்ட்டோவின் எதிர்க்கரையான வில நோவ டி கயாவில் இருப்பவை பெரும்பாலும் தரைக்கு மேலே கட்டப்பட்ட நீண்ட களஞ்சியங்கள். கனத்த கருங்கல் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, சிறிய சாளரங்கள். அந்தக் கரை வடக்கு நோக்கியது என்பதால் வெயில் குறைவு. அத்திலாந்திக் கடலின் ஈரக்காற்றும் வந்துகொண்டிருக்கும். திராட்சை விளைவதோ உள்நாட்டில், கோடையில் 40 பாகை வெப்பம்கூடத் தொடும் மலைச்சரிவுகளில். அங்கே வைத்தால் வைன் சீக்கிரம் முதிர்ந்து கெட்டுவிடும் என்றுதான் ஆற்றுவழியே இங்கே கொண்டுவந்தார்கள். ரபேலோ என்ற தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, பாறைகளுக்கும் சுழல்களுக்கும் இடையே இறக்கினார்கள். ஆற்றில் அணைகள் கட்டப்பட்ட பின் அந்தப் போக்குவரத்து நின்றது. இப்போது லொறியில் வருகிறது. கரையில் கட்டப்பட்டிருக்கும் படகுகள் அந்தக் காலத்தின் நினைவாக நிற்கின்றன.

உள்ளே நுழைந்ததும் முதலில் உங்களைப் பிடிப்பது வாசனை. உலர்ந்த முந்திரிகை, வாதுமை, நனைந்த மரம், இவை எல்லாம் சேர்ந்த ஒன்று. கண் இருட்டுக்குப் பழகியபின் பீப்பாய்களின் வரிசை தெரியும். ஒவ்வொன்றின் முகப்பிலும் வெள்ளை வண்ணத்தில் எண்ணும் எழுத்தும், அவற்றுக்குப் பக்கத்தில் யாரோ சுண்ணக்கட்டியால் குறித்த கோடுகளும் இருக்கும். நாங்கள் போன இடத்தில் வழிகாட்டிய இளம்பெண், பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். மரம் குளிர்ந்து, சற்றே ஈரமாக இருந்தது. இரும்பு வளையங்களுக்கு இடையில் ஓரிடத்தில் கறுத்த பிசின்போல ஒரு துளி கசிந்து உறைந்திருந்தது. பல ஆண்டுகளாக அந்தத் துளி அங்கேயே இருக்கிறதாம். அதைத் துடைத்துவிட மாட்டீர்களா என்று கணவர் கேட்டார். சர்க்கரை இறுகி அந்த விரிசலை அதுவே அடைத்துவிட்டது, துடைத்தால்தான் ஒழுகும் என்றார் அவர்.

பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. சுவர்களிலும் கூரையிலும் படிந்திருக்கும் கறுப்புப் பூஞ்சணம் அந்த ஆவியை உண்டு வளர்வது. அழுக்கு என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம்.

இனி, போர்ட் எப்படி இனிப்பாகிறது என்ற கேள்வி. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் சர்க்கரை முழுவதும் மதுவாக மாறுமுன், 77 சதவீத வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மீந்த சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இனிப்பும் உண்டு, 19 முதல் 22 சதவீதம் வரை வலிமையும் உண்டு. சாதாரண வைன் 12, 13 சதவீதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சிறு கிண்ணங்கள் என்று அலட்சியமாக இருந்தால் ஏணிப்படி போன்ற அந்தத் தெருக்களில் இறங்குவது கடினம்.

ரூபி, டோனி என்கிறார்களே, எதைக் கேட்பது?

இரண்டும் போர்ட் வகைகள். ரூபி பெரிய மரத்தொட்டிகளில் கொஞ்சக் காலம் இருந்து, சிவப்பு மாறாமல் வருவது. டோனி ஏறத்தாழ 550 லீற்றர் கொள்ளும் பீப்பாய்களில் பல ஆண்டுகள் காற்றோடு உறவாடி, நிறம் வெளுத்துத் தேன்நிறமாவது. போத்தலில் 10, 20, 30, 40 என்று எழுதியிருப்பது பல ஆண்டு வைன்களைக் கலந்து அந்த வயதின் இயல்பை எட்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம். விண்டேஜ் என்பது ஒரே ஒரு நல்ல ஆண்டின் விளைச்சல். இரண்டு மூன்று ஆண்டுகளில் போத்தலில் அடைத்து, அதற்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரவிடுவார்கள்.

முதல்முறை போகிறவர்கள் 10 ஆண்டு டோனியையும் 20 ஆண்டு டோனியையும் அருகருகே வைத்துச் சுவைக்கக் கேளுங்கள். காலம் என்ன செய்கிறது என்பது அந்த இரண்டு கிண்ணங்களிலேயே விளங்கிவிடும். 40 ஆண்டுப் பழமைக்குக் கொடுக்கும் பணம் முதல் பயணத்தில் வீண் என்பது என் எண்ணம்.

எத்தனை நிலவறைகள் பார்க்கலாம்? எவை?

ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சாதாரணச் சுற்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 20 யூரோவோ அதற்கு மேலோ ஆகும். முன்பதிவு செய்துவிடுங்கள்.

சாண்டமனில் வழிகாட்டிகள் கறுப்பு மேலங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்து வருவார்கள், அதன் சின்னத்தில் இருக்கும் உருவத்தைப் போலவே. ஆற்றங்கரையிலேயே இருப்பதால் கூட்டம் அதிகம். டெய்லர்ஸ் 1692இல் தொடங்கிய நிறுவனம். அங்கே ஒலிப்பதிவுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உங்கள் வேகத்தில் நடக்கலாம், வெளியே தோட்டத்தில் மயில்கள் திரியும். கூட்டத்தோடு ஓடப் பிடிக்காத தம்பதியருக்கு அதைத்தான் சொல்வேன். கோபர்ன்ஸில் பீப்பாய் செய்யும் தச்சர்கள் இன்றும் வேலை செய்வதைப் பார்க்கலாம். குடிக்காதவர்களுக்கு இதுவே மிகப் பிடிக்கும். கைவினை பார்க்கும் ஆசை உள்ளவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். 1890இல் கட்டிய கிரஹாம்ஸ் களஞ்சியம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து போர்ட்டோ நகரம் முழுவதும் தெரியும். டோனா அன்டோனியாவின் கதை மனதில் பதிந்தவர்கள் ஃபெரேராவுக்குப் போகலாம்.

நம் கோயில்களை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் நாட்டுக்குப் போய் அவர்களுடைய சின்னங்களை எப்படி ரசிப்பது?

இதைக் கேட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து நெடுங்காலம் ஆன ஒரு பெரியவர். அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் சொன்னது உண்மை. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். 1620களிலேயே திருக்கோணேச்சரமும் தகர்க்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின. கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். இதையெல்லாம் மறந்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நினைவோடு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடாலயம் என்று ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னன் மனுவேல் கட்டத் தொடங்கியது. கயிறும் கடற்பாசியும் பவளமும் கல்லில் பூத்ததுபோன்ற செதுக்கு வேலை, பார்த்தவர் மறக்க முடியாதது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. இந்தக் கட்டடத்துக்கான பணத்தின் பெரும்பங்கு, ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேயத்திலிருந்தும் வந்த சரக்குகள் மீதான 5 சதவீத வரியிலிருந்து வந்தது. அந்தத் தூண்களைத் தொட்டபோது மிளகும் கறுவாவும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. கலைஞனின் கையை மெச்சினேன், கூலி எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்தேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும்.

கோட்டே அரசின் கதையையும் தெரிந்துகொண்டு போனால் லிஸ்பன் வேறு மாதிரித் தெரியும். ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உருவத்தைப் பொன்னில் செய்து தூதுவர்களோடு லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் மன்னன் மூன்றாம் ஜோவாவ் அந்தப் பொற்பாவைக்கு முடிசூட்டினான். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப்பேழை இன்று ஜேர்மனியில் மியூனிக் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. பிற்காலத்தில் தர்மபாலன் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். நம் தீவின் தலைவிதியைத் தீர்மானித்த சடங்கு நடந்த ஊரில் நிற்கிறோம் என்ற நினைப்பு வந்தால், எந்தத் தெருவும் சாதாரணத் தெருவாக இருக்காது.

பெரியவர் இன்னும் போகவில்லை. ஆனால் மகளையும் மருமகனையும் அனுப்பிவைத்தார்.

லிஸ்பனில் வேறு என்ன? கொச்சிக்கடை அந்தோனியாரின் ஊர் என்கிறார்களே?

ஆம். பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் புனித அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில்தான். பேராலயத்துக்குக் கீழே, அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தில் ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் கொழும்பு மக்கள், சைவரும் கிறிஸ்தவரும், அங்கே போனால் மனம் உருகிவிடும். கொச்சிக்கடையில் திருவிழா ஜூன் 13. லிஸ்பனிலும் அதே நாள்தான். முதல்நாள் இரவே அல்ஃபாமா குன்றின் சந்துகளில் விளக்குத் தோரணமும் பாட்டும் சுட்ட மத்தி மீனின் புகையுமாக ஊரே விழித்திருக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறும்.

நவம்பர் 1, 1755 காலையில் நேர்ந்த நிலநடுக்கம் நகரத்தைப் புரட்டிப் போட்டது. ஆற்றங்கரையில் இருக்கும் நேர்கோட்டுத் தெருக்கள் அதன்பின் மன்னனின் அமைச்சர் பொம்பல் பிரபு திட்டமிட்டுக் கட்டியவை. அடுத்த ஆண்டே, 1756இல், டோரு பள்ளத்தாக்கில் எந்த நிலத்தில் விளைந்தது போர்ட் வைனுக்கு உரியது என்று எல்லை வகுத்தவரும் அவர்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் எல்லைக்கற்கள் நடப்பட்டன, சில இன்றும் நிற்கின்றன. நிலவறையும் நகரமும் ஒரே கதை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

லிஸ்பனுக்குத் தெற்கே அசெய்தாவ் என்ற ஊரில் 1834இல் தொடங்கிய ஜோசே மரியா ட ஃபொன்சேகா என்ற வைன் வீடு இருக்கிறது. முன்னொரு காலத்தில் மொஸ்கடெல் என்ற இனிப்பு வைன் பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி விற்பனைக்கு அனுப்புவார்களாம். விற்காமல் திரும்பி வந்தவை, பூமத்தியரேகையை இருமுறை கடந்த வெப்பத்திலும் அலைச்சலிலும் முன்னைவிடச் சுவை கூடியிருந்ததைக் கண்டார்கள். கடற்பயணமே ஒரு நிலவறையாகியிருக்கிறது! அரைநாள் ஒதுக்குங்கள்.

ஒருநாள் கையில் மிச்சமிருந்தால் எவோரா என்ற பழைய ஊருக்குப் போகலாம். ரோமானியர் கட்டிய கோயிலின் தூண்கள் ஊர் நடுவில் நிற்கின்றன. எலும்புகளால் சுவர் அமைத்த சிற்றாலயம் ஒன்றும் உண்டு, மெல்லிய மனதுக்காரர் தவிர்க்கலாம். அந்தப் பகுதியில் இன்றும் ஆளுயர மண்சாடிகளில் வைன் புளிக்கவைக்கிறார்கள். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் சாடியைத் திறப்பது வழக்கம்.

போர்ட்டோவில் நிலவறை தவிர?

சாவ் பெந்து ரயில் நிலையத்தின் மண்டபச் சுவர்களில் ஏறத்தாழ 20,000 நீலவெள்ளை ஓடுகளால் வரைந்த வரலாறு. டிக்கெட் தேவையில்லை, நேரம் எடுத்துப் பாருங்கள். கிளேரிகோஸ் கோபுரம் 75 மீற்றர் உயரம், ஏறுவதற்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். சாவ் ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தின் உள்ளே பொன்முலாம் பூசிய மரச்செதுக்கு. புகழ்பெற்ற லெலோ புத்தகக் கடைக்கு நுழைவுச் சீட்டும் வரிசையும் உண்டு. எங்களுக்கு அந்த நெரிசலில் புத்தகம் பார்க்கவே முடியவில்லை.

மாலையில் 1886இல் திறந்த முதலாம் லூயிஸ் இரும்புப் பாலத்தின் மேல்தட்டில் நடந்து கயாவுக்குப் போங்கள். பாலத்தின் முடிவில் இருக்கும் பூங்காவில் இளைஞர்கள் கூடியிருப்பார்கள். இருவராக உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

திராட்சைத் தோட்டங்களுக்குப் போக வேண்டுமா? கார் எடுக்கலாமா?

தோட்டங்களுக்குக் கட்டாயம் போங்கள். கார் வேண்டாம். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடுகிறது, மலைப்பாதைகள் குறுகலானவை, இரத்தத்தில் மதுவின் அளவு லீற்றருக்கு 0.5 கிராமை எட்டினாலே குற்றம். ரயில் இருக்கும்போது இந்தத் தலையிடி எதற்கு?

போர்ட்டோவிலிருந்து பின்யாவ் என்ற ஊருக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஆசனத்தைப் பிடியுங்கள். பாதிவழியில் தண்டவாளம் ஆற்றோடு சேர்ந்துகொள்ளும், பிறகு தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஓடும். மலையடிவாரம் தொடங்கி உச்சிவரை படிப்படியாகக் கல்லணை கட்டித் திராட்சை வைத்திருக்கிறார்கள். 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நிலக்காட்சி இது. நம் மலையகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சரிவுகளைக் கையால் செதுக்கிய உழைப்பின் கனம் உடனே புரியும். ஒரிரவாவது அங்கே தங்குங்கள். செப்டெம்பர் அறுவடைக் காலத்தில் சில தோட்டங்களில் இன்றும் கருங்கல் தொட்டிகளில் காலால் மிதித்துச் சாறெடுக்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் முதல் வாரம் வரை. ஓகஸ்ட்டில் பள்ளத்தாக்கு கொதிக்கும். நவம்பர் முதல் போர்ட்டோவில் மழை. அந்த வழுவழுப்பான கல்பாவிய தெருக்களில் மழைநாளில் சறுக்கும், பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம்.

விசா?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. விதிகளில் முக்கியமானவை: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. விண்ணப்பக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. இலங்கையரின் விண்ணப்பத்தை எந்தத் தூதரகம் ஏற்கிறது என்பதைப் போர்த்துக்கல் வெளிவிவகார அமைச்சின் தளத்தில் முதலில் பார்த்துவிட்டு நாட்கணக்குப் போடுங்கள். வேறு ஷெங்கன் நாட்டையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மனைவியின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அப்படியே இருந்தால், விவாகப் பதிவுச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். நம் தமிழ்ப் பெயர்முறையில் கணவன் மனைவி பெயர்கள் ஒத்துப்போவதில்லை, அது வெளிநாட்டு அதிகாரிக்கு விளங்காது. கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லை. டோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாகப் போகலாம்.

சைவ உணவு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். மீனும் இறைச்சியும் நிறைந்த சமையல்தான், ஆனால் இரு பெருநகரங்களிலும் சைவ உணவகங்கள் உண்டு. லிஸ்பனில் குஜராத்தி மக்கள் கட்டிய ராதா கிருஷ்ணா கோயிலின் உணவகத்தில் பருப்பும் சோறும் சாப்பிட்டபோது கணவரின் முகத்தில் வந்த தெளிச்சியை மறக்க மாட்டேன். கீரைச் சூப் கேட்டால் அதில் ஒரு துண்டு இறைச்சி போடுவது வழக்கம், ‘செம் கார்ன’ என்று சொன்னால் இறைச்சியின்றித் தருவார்கள். உட்கார்ந்ததும் கேளாமலே வரும் பாணுக்கும் ஒலிவ் காய்க்கும் பணம் உண்டு, வேண்டாவிட்டால் திருப்பி அனுப்பலாம். கடும் சைவர் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும்: பல வைன்களைத் தெளியவைக்க ஜெலட்டின் அல்லது முட்டை வெள்ளைக்கரு பயன்படுகிறது. வழிகாட்டியிடம் கேட்டால் சொல்வார்.

முட்டை சாப்பிடுபவர்கள் அங்குள்ள கஸ்டர்ட் பேஸ்ட்ரியைச் சூடாக வாங்கி, மேலே கறுவாத்தூள் தூவிச் சாப்பிடுங்கள். போர்த்துக்கேயரை நம் கரையில் ஒன்றரை நூற்றாண்டு பிடித்துவைத்த அதே கறுவா.

நீரிழிவு உள்ளவர் போர்ட் சுவைக்கலாமா?

லீற்றருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை உள்ள பானம் அது. மருந்தோடு மதுவும் சேரும்போது சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். வாசனையை முகர்ந்துவிட்டுக் கிண்ணத்தைத் துணையிடம் நகர்த்துவதில் குறைவு ஒன்றுமில்லை.

வீட்டில் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

உள்ளதை உள்ளபடி. நான் மாமியிடம் படத்தோடு காட்டிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தோனியார் கோயிலிலிருந்து மெழுகுதிரி கொண்டுவருவாயா என்று.

போகுமுன் கொழும்பில் பார்த்துவிட்டுப் போக ஏதாவது?

போர்த்துக்கேயர் கோட்டையில் இன்று மிஞ்சியது மிகக் குறைவு. ஒல்லாந்தர் மாற்றினார்கள், ஆங்கிலேயர் இடித்தார்கள். புறக்கோட்டையில் கெய்மன் வாசல் மணிக்கூண்டைப் பாருங்கள். அதிலுள்ள மணி, கோட்டேயில் போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயத்தின் இடிபாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து நடந்தே 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்ஃபென்டால் ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் போகலாம். ஓர் ஐரோப்பியர் போய் இன்னொருவர் வந்த மாற்றம் அந்தச் சிறு தூரத்திலேயே தெரியும்.

போத்தல் வாங்கிவந்தால் கொழும்பு வெக்கையில் தாங்குமா?

தாங்கும், கவனித்தால். கயாவில் வாங்கியதைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். வலிமை 24 சதவீதத்துக்குக் கீழே என்பதால் விமானப் பாதுகாப்பு விதி தடுக்காது. சுங்க வரம்பை மட்டும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். டோனியையே வாங்குங்கள். விண்டேஜ் வாங்கினால் திறந்த ஓரிரு நாளில் முடிக்க வேண்டும், அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். டோனி திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாக இருக்கும். திறக்காத போத்தலை அடுப்படியிலும் வெயில் படும் கண்ணாடி அலமாரியிலும் வைக்காமல், வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட மூலையில் வையுங்கள்.